வெள்ளைத் துணியில் ஒரு சிவப்பு வரி

அந்த நூலைப் பிடித்து இழுக்காதீங்க தம்பி. பிசிறு இல்லை அது. கீழ் மடிப்பைச் சுற்றி ஒரே ஒரு சிவப்பு இழை ஓடும், வேண்டுமென்றேதான் அப்படித் தைக்கிறார்கள். இழுத்தால் சரசரவென்று மடிப்பு முழுக்க அவிழ்ந்துவிடும். திண்டுக்கல் போய் இறங்கும்போது டீஷர்ட் முழங்காலைத் தொடும்.

எங்கே வாங்கினது? அக்கா கொடுத்ததா? சென்னைக் கண்காட்சியில் வாங்கியிருப்பார்கள். கழுத்தில் ஒரு அட்டை தொங்கியிருக்குமே, படித்தீங்களா? படிக்காமலே கிழித்துப் போட்டாச்சு. பரவாயில்லை, எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அதில் இருந்த கதையை நானே சொல்கிறேன். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கதை மேல் பல வருஷமாக எனக்குச் சந்தேகம். இத்தனைக்கும் அதில் வருகிற நல்ல மனிதர் நான்தான்.

சிரிக்காதீங்க. அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. ‘நூல் மில்லில் அடைபட்டிருந்த ஒரு பெண், தன் துப்பட்டாவிலிருந்து சிவப்பு இழையை உருவி வெள்ளை நூலோடு சேர்த்து அனுப்பினாள். தொலைவில் ஒரு நல்ல மனிதர் அந்த இழையைப் பார்த்தார். அது ஒரு பெண்ணின் குரல் என்று புரிந்துகொண்டார். தேடி வந்தார்.’ சென்னையில் டிசைன் படிக்கிற ஒரு பெண் எழுதிக் கொடுத்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். படித்தால் எனக்கே கண் கலங்கும். கலங்கி முடிந்ததும் சந்தேகம் வரும்.

என் பேர் சென்னியப்பன். திருப்பூரில் நிட்டிங் வைத்திருந்தேன். நிட்டிங் என்றால் வேறொன்றுமில்லை, மில்லிலிருந்து நூல் கோன் கோனாக வரும், அதை மெஷினில் ஏற்றினால் சுற்றிச் சுற்றிப் பனியன் துணியாக இறங்கும். எனக்கு வெள்ளைத் துணி ஆர்டர்தான் அதிகம். வெள்ளைத் துணிக்காரனுக்கு ஒரு எதிரிதான் உண்டு தம்பி. வேறு நிறத்தில் ஒரு இழை. ஒரே ஒரு இழை கலந்து வந்தாலும் துணியில் கோடு விழும், சாயப்பட்டறைக்காரன் திருப்பி அனுப்புவான், கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புவான், கடைசியில் அத்தனை ரோலும் என் வாசலுக்கே வந்து சேரும்.

அன்றைக்குக் காலையில் மெஷின்காரன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளைத் துணி, நடுவில் சிவப்பு வரி. கொஞ்ச தூரம் இல்லை, மறுபடி வரி. அடுத்த ரோலில் மறுபடி. எனக்கு ரத்தம் கொதித்தது. ரத்தம் கொதித்தது சத்தியம். எதற்காகக் கொதித்தது என்பதில்தான் இப்போது குழப்பம். மேடையில் பேசும்போது ‘அந்த வரியைப் பார்த்த நொடியில் என் மனம் பதறியது’ என்று சொல்வேன். பதறியதும் உண்மைதான். மனம் பதறுவதற்கு அட்டை போட்டுக் காரணம் எழுதியா வைத்திருக்கிறது?

உடனே வண்டியை எடுக்கச் சொன்னேன். டிரைவர் மாரப்பன். ரோலைச் சுருட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு நேராக மில்லுக்கு. இதே ரோடுதான். இப்போது நான் போகிற மில் இல்லை, அது வேறு, வேடசந்தூர்ப் பக்கம். பேர் வேண்டாம்.

நீங்கள் நூல் மில் கேட்டைப் பார்த்திருக்கமாட்டீங்க. கோட்டை மாதிரி சுவர். சொந்தக்காரர்கள் வந்தால் கேட் திறக்காது. ஆபீசர்கள் வந்தால் திறக்கும், ஆனால் தகவல் அரை மணி முன்னாலேயே வந்துவிடும். பெண்பிள்ளைகளுக்குப் பவுடர் போட்டு, ‘சாப்பாடு நன்றாக இருக்கிறது சார்’ என்று சொல்லிக்கொடுத்து வரிசையில் நிறுத்திவிடுவார்கள். எந்தக் கேள்வியும் இல்லாமல் கேட் திறப்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான். நூலில் கம்ப்ளைண்ட் என்று துணியோடு வருகிறவனுக்கு. அவனை வெளியே நிறுத்தினால் ஊரெல்லாம் போய்ச் சொல்லுவான் இல்லையா?

உள்ளே போனேன். மேனேஜர் காபி கொடுத்தார். நான் துணியைக் காட்டினேன். கோனுக்குள் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருப்பார்கள், எந்த ஆள் ஓட்டியது என்று அதில் எண் இருக்கும். எண்ணைப் பார்த்து ஆளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள். சின்னப் பெண் தம்பி. தலையில் பஞ்சு. துப்பட்டாவின் ஓரம் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. சிவப்பு. பேர் இசக்கியம்மாள் என்றாள். தென்காசிப் பக்கம். நான் சாந்தமாக நாலு வார்த்தை பேசினேன். அவ்வளவுதான். மேனேஜர் என்ன நினைத்தாரோ, அந்த இடத்திலேயே அவள் பையைக் கொண்டுவரச் சொல்லி, ‘இனிமேல் இந்தப் பெண் எங்கள் மில்லில் இருக்காது சார், நீங்கள் தைரியமாக நூல் எடுங்க’ என்று கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார். மென்மையாகப் பேசினால் கல்லும் கரையும் என்பதற்கு அது ஒரு…

யோவ்! யாருய்யா அது, என் பை மேல வெங்காய மூட்டைய வெக்கிறது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது? துணிய்யா அது, துணி! எடுய்யா! கண்டக்டர், இங்க வாங்க. இப்பவே இந்த மூட்டையைத் தூக்கி வெளிய போடுங்க. இது இருக்கற வண்டியில இனி நான் ஏறவே மாட்டேன், தெரியுமில்ல?

ஆங். அது. பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டான். சொன்னால் கேட்கிறார்கள் பாவம்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? மென்மை. ஆமாம். மாரப்பன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் என்னைக் கிண்டல் பண்ணுவான். ‘முதலாளி, நான் கேட்டுக்கு வெளிய வண்டியில பாட்டுக் கேட்டுட்டிருந்தேன். உங்க சத்தத்துலதான் பாட்டை நிறுத்துனேன்’ என்பான். அவனுக்குக் காது கொஞ்சம் கூர்மை.

சரி, வெளியே வந்தேன். கேட் பக்கத்தில் பையோடு நிற்கிறாள். வெயில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடுகிறேன் என்று ஏற்றிக்கொண்டேன். வழியில்தான் பேசினாள். ஊரில் ஒரு புரோக்கர் வந்து, மூன்று வருஷம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்குப் பணம் மொத்தமாகக் கிடைக்கும், ஏசி ஹாஸ்டல், டிவி என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். வந்த அன்றைக்கே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பாதியில் போனால் பணம் கிடையாது. பாதியில் போகவும் விடமாட்டார்கள். இரண்டு ஷிப்ட் சேர்த்து நிற்க வைப்பார்கள். காய்ச்சலில் ஒரு பெண் மெஷின் பக்கத்திலேயே விழுந்தபோது, முகத்தில் தண்ணீர் தெளித்து மறுபடி நிற்க வைத்தார்களாம். திருப்பூர்க்காரன் நான், எனக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். நூல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். அதில் ஒரு ஆள் இருக்கிறது என்பது வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிகிறது.

பஸ் ஸ்டாண்டு வந்தது. “அம்மிணி, எறங்கு” என்றேன்.

“அண்ணாச்சி, கலெக்டர் ஆபீஸ் எங்கன இருக்கு?”

“பஸ்ஸுக்குக் காசு வேணுமா?”

“கலெக்டர் ஆபீஸ் எங்கன இருக்குன்னு கேட்டேன்.”

“ஊருக்குப் போய்ச் சேரு கண்ணு. எனக்கு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போகோணும்.”

அவள் இறங்கவில்லை. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரப்பன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “முதலாளி, பாப்பா எறங்காது போலிருக்குதுங்க” என்றான். அப்புறம் நான் கலெக்டர் ஆபீசுக்கு வண்டியை விடச் சொன்னேன். சொன்னது நான்தானே? வண்டியும் என்னுடையது. மேடையில் அப்படித்தான் சொல்கிறேன். பொய் ஒன்றும் இல்லை.

வெளியே வந்த பெண் வாயைத் திறந்து எழுதிக் கொடுத்ததால்தான் ஆபீசர்கள் முன்கூட்டித் தகவல் கொடுக்காமல் உள்ளே போனார்கள். ஒருத்தி வெளியே வந்தால் போதும் தம்பி, மற்றவர்களுக்குக் கேட் திறந்துவிடும். அந்த ஒருத்தி வெளியே வருவதுதான் பாடு. அன்றைக்கு ஒரு பஸ் நிறைய பெண்கள் வெளியே வந்தார்கள்.

மில்காரன் நூலை மாற்றிக் கொடுத்தானா என்று கேட்கமாட்டீங்களே? கொடுத்தான். மில்லை மூடி ஆபீசர்கள் சீல் வைப்பதற்கு முந்தின வாரம். நல்ல நூல்.

இசக்கி ஊருக்குப் போகவில்லை. திருப்பூருக்கு வந்து பவர் டேபிளில், அதுதான் மோட்டார் தையல் மெஷினில், தைக்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். “அண்ணாச்சி, அந்தக் கோடு விழுந்த துணி கிடக்கா?” என்று கேட்டாள். கிடந்தது, குடோனில் எலிக்குப் பக்கத்தில். எடுத்துப்போய்க் குழந்தைகள் சட்டை தைத்தாள், கோட்டை மறைக்காமல், நெஞ்சுக்கு நேராக வருகிற மாதிரி. அதைச் சென்னையில் யாரோ பார்த்து, யாரோ போட்டோ எடுத்து, அப்படி ஆரம்பித்ததுதான் உங்கள் டீஷர்ட்டைத் தைத்த இந்த ‘ஒற்றை இழை’ கம்பெனி. இப்போது மில்களிலிருந்து வெளியே வந்த பெண்கள்தான் அங்கே தைக்கிறார்கள். எந்த நேரமும் வாசல் திறந்திருக்கும். வேலை நேரத்தில் யாராவது எழுந்து வெளியே போனால் எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது, அது அவள் வைத்த சட்டம். இதனால் டெலிவரி தாமதமாகும். ஆனாலும் கேட்கக்கூடாது.

நூல் வாங்குவதிலும் அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. சர்டிபிகேட் காட்டினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். அப்புறம் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப்போய் அந்த மில் கேட்டுக்கு எதிரே நிற்பாள். பூக்கடை இருக்கிறதா என்று பார்ப்பாள். பூக்கடை, வளையல் தள்ளுவண்டி, ரீசார்ஜ் கடை, பானிபூரி. “பிள்ளைய வெளிய வந்தாத்தான அண்ணாச்சி பூக்காரி வருவா? வாங்க ஆள் இல்லாத இடத்துல அவ எதுக்குக் கடை போடுதா?” என்பாள். பூக்கடை இருந்தால் நூல் வாங்குவாள். கண்காட்சிக்கு வருகிறவர்களிடமும் அதையேதான் சொல்கிறாள், சட்டை வாங்குகிற கடையில் இது எந்த மில் நூல் என்று கேளுங்க, தெரியாது என்பான், அடுத்த தடவையும் கேளுங்க என்று.

அவள் அதைப் பேசுவாள், நான் நம்முடைய கதையைச் சொல்வேன். கல்லூரி, கிளப், கண்காட்சி, எல்லா இடத்திலும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவேன். என் சம்சாரம் தங்கமணி முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். ‘மேனேஜரிடம் நான் மெதுவாகச் சொன்னேன்’ என்று நான் ஆரம்பிக்கும்போதெல்லாம் தங்கமணிக்கு இருமல் வந்துவிடும். இசக்கி திரும்பிக்கொண்டு ஹேங்கர்களைச் சரி பண்ணுவாள். அந்த இடம் வந்தாலே அந்தப் பெண்ணுக்கு மனம் தாங்காது போலிருக்கிறது.

போன மாசம் கோயமுத்தூரில் ஒரு காலேஜ். ஒரு பெண் எழுந்து, “அங்கிள், அது டேமேஜ் இல்லை, கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டாள். மேடையில் நின்றபடி தண்ணீர் குடித்தேன். ‘மனசுக்குத் தெரியும்மா’ என்றேன். கை தட்டினார்கள். காரில் திரும்பும்போது தங்கமணி கேட்டாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ள நெசமாலுமே இழையை உருவிப் போட்டாளா? துப்பட்டா மெசின்ல மாட்டிக் கிழிஞ்சிருந்தா?”

“அவதான அப்படிச் சொன்னா?”

“உங்ககிட்டச் சொன்னாளா?”

யோசித்துப் பார்த்தேன். டிசைன் படிக்கிற பெண்ணிடம் சொல்லியிருக்கிறாள். பேப்பர்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதில்லை. நான் நேராகக் கேட்டதும் இல்லை. ஒன்றிரண்டு தடவை சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறேன். “நீங்க வந்தியள்லா அண்ணாச்சி, அது போதும்” என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அதற்குமேல் கேட்க எனக்குப் பயம். அவள் இழையைப் போட்டாள் என்றால், நான் அதைப் பார்த்து வந்தவன். துப்பட்டா தற்செயலாக மாட்டியது என்றால் நான் யார்? கெட்டுப்போன துணிக்காகச் சண்டைக்குப் போனவன். குளிக்கும்போது, சவரம் பண்ணும்போது, இது வந்து முன்னால் நிற்கும்.

எனக்குள்ளேயே கேட்டுக்கொள்கிற வரைக்கும் சரி. இப்போது அப்படி இல்லை. அதனால்தான் இந்த பஸ்ஸில் இருக்கிறேன்.

ஆறுக்குட்டி என்று எனக்கு ஒரு சிநேகிதன், அவனும் நிட்டிங். முந்தாநாள் போன் பண்ணினான். “சென்னி, உன்ர ஐட்டம் ஒண்ணு வந்திருக்குது, வந்து பாரு” என்று சிரித்தான். போய்ப் பார்த்தேன். வெள்ளைத் துணி. நடுவில் சிவப்பு வரி. கொஞ்ச தூரம் இல்லை, மறுபடி வரி. ஆறுக்குட்டி, “எவளோ ரிப்பனை உள்ள உட்டுட்டா” என்றான். என்னால் சிரிக்க முடியவில்லை. மேலே இருக்கிற அந்தப் பை அதுதான். அந்தத் துணியும், எண் ஒட்டின கோனும்.

தம்பி, நீங்களே சொல்லுங்க. இது கூப்பிடுகிறார்களா, டேமேஜா? அட்டையில் இருக்கிற கதை எங்கேயாவது அந்த ஹாஸ்டல் வரைக்கும் போய், ஒரு பெண் அதைக் கேட்டுத் தன் துணியைக் கிழித்திருக்கலாம். இல்லாவிட்டால் வெறும் ரிப்பன். வெறும் ரிப்பனாக இருந்து, நான் போய் அந்த எண்ணைச் சொல்லி ஆளைக் கூப்பிட வைத்தால், அந்தப் பிள்ளையை என்ன செய்வார்கள்? இருட்டு அறையில் வைத்துக் கேட்பார்கள். அடிப்பார்கள். கூப்பிட்டதாகவே இருந்து நான் போகாமல் விட்டால்? அவள் தினமும் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இசக்கியிடம் துணியைக் கொண்டுபோய்க் காட்டினேன். தடவிப் பார்த்தாள். அப்புறம், “ஞாயித்துக்கெழமை நான் கலெக்டர் ஆபீஸ் ஆபீசர் அம்மாவோட ஒட்டன்சத்திரத்துல வண்டியில இருக்கேன். ஒரு பிள்ளை வெளிய வந்து வாயைத் தொறந்தாப் போதும், நாங்க உள்ள போயிருவோம். நீங்க போங்க அண்ணாச்சி. கம்ப்ளைண்டு பார்ட்டிக்குத்தான் கேட்டைத் தொறப்பான்” என்றாள். என்னிடம் அவ்வளவுதான் சொன்னாள். அப்போதும் நான் கேட்கவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அம்மிணி, அந்த இழையை நீ போட்டாயா, அதுவாக விழுந்ததா? ஒரு வரி. இன்றைக்கு இறங்குவதற்கு முன் போனில் கேட்டுவிடுவேன் என்று தங்கமணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ‘போட்டேன்’ என்றால் உள்ளே போவேன். ‘விழுந்தது’ என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதுதான் நியாயம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதோ, சுவர் ஆரம்பித்துவிட்டது. பாருங்க, எவ்வளவு நீளம். கண்டக்டர், மில் ஸ்டாப் ஒண்ணு. தம்பி, கொஞ்சம் அந்தப் பையை எடுத்துக் கொடுங்க, புண்ணியமாகப் போகும். வெங்காய வாசம் ஏறவில்லையே?

இருங்க. அந்தக் கேட்டைப் பாருங்க. எதிர்ப்பக்கம் பாருங்க. உங்கள் கண்ணுக்கு ஏதாவது கடை தெரிகிறதா? இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே இருக்கிற ஹாஸ்டல் எத்தனை மாடி, பார்த்தீங்களா? அத்தனை மாடிக்கும் ஒரு பூக்கடை இல்லை. வளையல் வண்டி இல்லை. ஒரு டீக்கடை கூட இல்லை தம்பி.

ரிப்பனாக இருந்தால்தான் என்ன?

ஒரு நிமிஷம், போன் அடிக்கிறது. அவள்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், பஸ் சத்தத்தில் கேட்காது. சொல்லு அம்மிணி.

“அண்ணாச்சி, எறங்கிட்டியளா?”

“எறங்கப் போறேன் கண்ணு. கேட்டுக்கு முன்னாடி வந்தாச்சு.”

“பூக்கடை?”

“இல்ல.”

“சரி. அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. உள்ள போயி மேடையில பேசுத மாதிரி மெதுவாப் பேசிராதிய. மெதுவாப் பேசுனா பிள்ளைய உள்ளயே வச்சுப் பூட்டிருவான். அன்னைக்கு மேனேஜர்கிட்ட என்னப் பத்திப் பேசுனியள்லா, அதையே பேசுங்க. ஒரு வார்த்தை கொறையாண்டாம்.”

கண்டக்டர், நிறுத்துங்க, இறங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், நிறுத்துங்க.

“அம்மிணி… அன்னிக்கு நான் என்ன பேசினேன்?”